இரவில் எழுதுபவருக்கு இன்னொரு திரை

இலண்டனில் எம்மவர்களில் எழுதுபவர்கள் பலர் இரவு பத்து மணிக்குப் பிறகு எழுதுபவர்கள். பகலில் கடை, பெற்றோல் நிலையம், அலுவலகம், பிள்ளைகளின் பாடசாலை. சனிக்கிழமை தமிழ் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டில் ஒரு விசேஷம். மிஞ்சுவது நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் கதையும் கட்டுரையும் மொழிபெயர்ப்பும் ஊர் வரலாறும் சங்க மலருக்கான பக்கங்களும் உருவாகின்றன. எனவே எழுத்து வேலையில் நேரத்தை மிச்சப்படுத்தும் வழி எதுவாயினும் அதை ஒரு தடவை ஆராய்ந்து பார்ப்பது எமக்கு நல்லது.

ஸ்ட்ரெதம் ஹை ரோட்டுக்கு இரு புறமும் உள்ள தெருக்களில், எம்மவர் வீடுகள் பலவற்றில் எழுதும் மேசை இருப்பது மாடியில் உள்ள ஆகச் சின்ன அறையில். ஒரு ஒற்றைக் கட்டிலும் ஒரு அலுமாரியும் வைத்தால் கதவு முழுவதாகத் திறக்காது. அப்படிப்பட்ட அறைகளில்கூட அண்மைக்காலமாக மடிக்கணனிக்குப் பக்கத்தில் இன்னொரு திரை நிற்பதைக் காண்கிறேன். என் மேசையிலும் ஒன்று நிற்கிறது. அதைக் கண்ட முதியவர் ஒருவர், "ஒரு ஆளுக்கு ரெண்டு ரீவி என்னத்துக்குத் தம்பி?" என்று கேட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனாலும் கேள்வி நியாயமானது. இந்தக் கட்டுரை அவருக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வேலையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மனதில் உள்ளதை எழுதுவது. மற்றது, ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதுவது. கவிதையும் கதையும் முதல் வகை. கையெழுத்துப் பிரதியைப் பார்த்து ரைப் செய்வது, ஆங்கிலக் கடிதத்தைத் தமிழாக்குவது, அச்சுக்குப் போகும் பக்கங்களைப் பிழை திருத்துவது, நாலு பழைய நூல்களைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதுவது இவையெல்லாம் இரண்டாவது வகை. எமது சமூகத்தில் எழுத்து வேலை என்று நடப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைதான் என்பது என் அனுபவம். இரண்டாவது திரை உதவுவதும் இந்த வகைக்குத்தான். முதல் வகைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. சொல்லப்போனால் தொல்லையும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய புத்தகம் ஒன்றின் பக்கப்படத்தைப் பார்த்து ரைப் செய்கிறீர்கள். மடிக்கணனியின் திரை பதின்மூன்று அல்லது பதினான்கு அங்குலம். படத்தையும் எழுதும் தாளையும் அருகருகே வைத்தால் இரண்டும் சுருங்கி, எழுத்துகள் எறும்பு ஊர்வது போலத் தெரியும். ஆகையால் படத்தைப் பார்ப்பது, மறைப்பது, எழுதுவது, திரும்பவும் படத்துக்குப் போவது, விட்ட வரியைத் தேடுவது என்று வேலை நடக்கிறது. ஒரு வரிக்குப் போய்வர ஆறு செக்கன் என்று வைப்போம். முப்பது வரி உள்ள பக்கத்துக்கு மூன்று நிமிடம். இருநூறு பக்கப் புத்தகத்துக்கு அறுநூறு நிமிடம், அதாவது பத்து மணித்தியாலம். இரவு இரண்டு மணித்தியாலக்காரருக்கு அது ஐந்து இரவுகள். இதில் ஒரு சொல்கூட எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வெறுமனே ஜன்னலைத் திறந்து மூடிய நேரம் இது.

நேரம் போவது ஒரு பக்கம். வரி தவறுவது இன்னொரு பக்கம். "என்றார்" என்று முடியும் வரிகள் இரண்டு பக்கத்தில் இருந்தால், கண் திரும்பி வரும்போது இரண்டாவதில் போய் நிற்கும். நடுவில் உள்ள நாலு வரி காணாமற் போய்விடும். ரைப் செய்தவருக்கு அது தெரியவும் வராது. இது இன்று நேற்று வந்த பிழை அல்ல. ஏடு பார்த்து ஏடு எழுதிய காலத்திலும் இதே காரணத்தால் அடிகள் விடுபட்டுப் போயின. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழைய இலக்கியங்களை அச்சுக்குக் கொண்டுவந்தபோது ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடி ஊரூராக அலைந்ததும், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மாய்ந்ததும் இப்படிப்பட்ட விடுபாடுகளால்தான். தாமோதரம்பிள்ளை கலித்தொகையை வெளியிட்ட 1887 ஆம் ஆண்டிலேயே சாமிநாதையரின் சீவக சிந்தாமணியும் வெளிவந்தது. அந்தப் பதிப்புகளின் பின்னால் இருந்த உழைப்பில் பெரும்பகுதி, ஒரு கண்ணை ஒரு பிரதியிலும் மறு கண்ணை இன்னொரு பிரதியிலும் வைத்திருந்த உழைப்பு.

பின்னாளில் அச்சகங்களில் இதற்கு ஒரு முறை இருந்தது. அச்சுக் கோர்ப்பவர் கையெழுத்துப் பிரதியைக் கண்ணுக்கு நேரே நிறுத்தி வைத்திருப்பார். குனிந்து நிமிர்ந்து தேடும் வேலை இல்லை. புரூஃப் பார்க்கும்போது இருவர் இருப்பார்கள். ஒருவர் மூலப் பிரதியைச் சத்தமாக வாசிக்க மற்றவர் அச்சுத் தாளில் பார்த்துத் திருத்துவார். தட்டச்சு செய்தவர்களும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தாளை நிறுத்திவைக்க ஒரு தாங்கி வைத்திருந்தார்கள். இரண்டாவது திரை என்பது அந்தத் தாங்கிதான். புதுமை ஒன்றும் இல்லை. கணனி வந்தபோது மூலத்தையும் பிரதியையும் ஒரே கண்ணாடிக்குள் அடைத்துவிட்டோம். இப்போது மீண்டும் பிரித்து வைக்கிறோம், அவ்வளவுதான்.

இது எமக்கு ஏன் அவசரமான விடயம் என்பதற்கு வருவோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நாட்டுக்கு வந்தவர்களில் எழுதுகின்ற தலைமுறை இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டி நிற்கிறது. அவர்களிடம் கொப்பிகள் இருக்கின்றன. ஊரின் கோயில், குளம், பாடசாலை, பஞ்சகாலம், கப்பல் ஏறியவர்கள், இடம்பெயர்ந்த நாட்கள், முகாம், விமான நிலையம், முதல் குளிர்காலம் என்று நீலப் பேனையால் எழுதி நிரப்பிய கொப்பிகள். பலவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஒரே பிரதியாக இருந்த ஏடுகளும் கையெழுத்துகளும் என்ன ஆயின என்பது எல்லோருக்கும் தெரியும். அலுமாரியின் மேற்தட்டில் இருக்கும் கொப்பிக்கு நெருப்பு வேண்டியதில்லை. சுவரில் ஊறும் ஈரம் போதும். அதைவிட, எழுதியவர் போனபின் அந்தக் கையெழுத்தை வாசிக்க ஆள் இருக்காது. "இது என்ன சொல் ஐயா, கேணியோ கோணியோ?" என்று கேட்க அவர் இருக்கும்போதே ரைப் செய்து முடிப்பதுதான் வேலை.

அச்சில் உள்ள எழுத்தைக் கணனியே படித்து எழுத்தாக்கித் தரும் வசதி இன்று தமிழுக்கும் இலவசமாகவே உண்டு. தெளிவான அச்சுப் பக்கத்தை அது பெரும்பாலும் சரியாகவே படிக்கிறது. ஆனால் ஓரம் மங்கிய பக்கம், பழைய வடிவில் உள்ள லை, னை, றா போன்ற எழுத்துகள், சொற்களை நீளமாகச் சேர்த்து அச்சிட்ட பழைய நடை என்று வந்தால் தடுமாறும். காலும் ரகரமும் இடம் மாறும். மூன்று சுழியும் இரண்டு சுழியும் குழம்பும். எனவே அது தருவதையும் படத்தோடு வரிவரியாக ஒப்பிடத்தான் வேண்டும். கையெழுத்துக் கொப்பிக்கோ அதை நம்பி இறங்க முடியாது. மனிதக் கண்தான் வேண்டும்.

இந்த ஒப்பிடும் வேலையைப் பெரிய அளவில் செய்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். 1998 தைப்பொங்கலுடன் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் ஊதியமின்றிப் பழைய இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்தார்கள். ஒருவர் உள்ளிட்டதை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். சுவிற்சர்லாந்தில் இருந்து அதை முன்னின்று நடத்தியவர் கலாநிதி கு. கல்யாணசுந்தரம். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எவரும் வாசிக்கக்கூடியதாக வைத்திருக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் பிழை திருத்தப் போனால், ஒரு பாதியில் பக்கப்படமும் மறு பாதியில் எழுத்தும் பக்கம் பக்கமாகத் தெரியும்படி அமைத்திருப்பதைக் காணலாம். அச்சகத்தில் இருவர் செய்த வேலையை ஒருவர் செய்வதற்கான ஏற்பாடு அது. சின்னத் திரையில் அந்த இரண்டு பாதிகளும் ஒவ்வொரு முத்திரை அளவாகிவிடும். பெரிய திரையில்தான் அது உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை.

எமது சங்கங்களிடமும் சஞ்சிகைகளிடமும் உள்ள இன்னொரு குவியல் பாமினிக் கோப்புகள். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகளிலும் பாமினி எழுத்துருவில் தயாரித்த மலர்கள், கல்வெட்டுகள், நாடகப் பிரதிகள். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடக்கும். யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் உண்டு. ஜேர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் உருவாக்கிய மாற்றியைப் பாவித்தவர்கள் ஏராளம். மாற்றம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் வடமொழி எழுத்துகளிலும் இடையில் புகுந்த ஆங்கிலச் சொற்களிலும் இலக்கங்களிலும் சில இடங்களில் சிக்கல் இருக்கும். நடுவில் ஒரு ஆங்கில முகவரி இருந்தால் அதுவும் தமிழாகி நிற்கும்! ஒரு திரையில் பாமினியில் பழைய பக்கம், மறு திரையில் மாற்றிய பக்கம் என்று வைத்துப் பார்த்தால் இவை உடனே கண்ணில் படும்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடிவரவு விண்ணப்பங்களுக்காகப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம் போன்றவற்றை மொழிபெயர்ப்பவர்கள் ஸ்ட்ரெதத்திலும் ரூட்டிங்கிலும் இருக்கிறார்கள். உள்துறை அலுவலகத்துக்குக் கொடுக்கும் மொழிபெயர்ப்பில், இது மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழியும் திகதியும் மொழிபெயர்த்தவரின் முழுப் பெயரும் கையொப்பமும் தொடர்பு விபரமும் இருக்க வேண்டும். அதாவது ஒரு திகதி பிழைத்தால் அதன் கீழே எமது கையொப்பம் இருக்கிறது. 1987 என்பது 1978 ஆக மாறினால், அல்லது தகப்பனின் பெயரில் ஒரு எழுத்து கடவுச்சீட்டில் உள்ளதிலிருந்து விலகினால், விண்ணப்பித்தவர் அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டு அலைய வேண்டிவரும். மூலமும் மொழிபெயர்ப்பும் இரண்டு திரைகளில் ஒரே உயரத்தில் நிற்கும்போது இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்ப்பது இலகு. இந்த ஒரு காரணத்துக்காகவே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருபது முப்பது பவுண் செலவழிக்கலாம் என்பேன்.

இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். உண்டு, ஆனால் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். 2003 இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 108 பேரை வைத்து, எழுத்துத் திருத்தம் முதலிய அலுவலக வேலைகளை ஒரு திரையிலும் பல திரைகளிலும் செய்யச் சொல்லி அளந்தார்கள். பல திரைகளில் வேலை 10 வீதம் கூடுதலாக நடந்தது, பிழைகள் 33 வீதம் குறைந்தன என்று அறிக்கை சொன்னது. அந்த ஆய்வுக்கு ஆதரவு கொடுத்தவை மொனிட்டர் செய்யும் என்.ஈ.சி. மிற்சுபிஷியும் திரைகளை இயக்கும் அட்டைகள் செய்யும் ஏ.டி.ஐ.யும். மாம்பழம் இனிக்கும் என்று மாம்பழம் விற்பவர் சொன்னால் அது பொய்யாகிவிடாது. ஆனாலும் தின்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வேகம் பத்து வீதம்தான், பிழைக் குறைவோ மூன்றில் ஒன்று என்பது எனக்குக் கூடிய அக்கறை தருகிறது. எம்முடைய வேலைக்கு வேகத்தைவிடப் பிழைதான் பெரிய செலவு.

இதைவிடச் சுவையானது 2001 இல் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர் ஜொனதன் கிரூடின் வெளியிட்ட கட்டுரை. பல திரைகள் பாவிப்பவர்களை அவர் அவதானித்தார். இரண்டு திரை கிடைத்தவர்கள் அதை ஒரே பெரிய திரையாகப் பாவிக்கவில்லை. முக்கிய வேலையை ஒன்றிலும் துணை விடயங்களை மற்றதிலும் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரு அறை கூடியது போல என்று சொல்லலாம். ஹோலைப் பெரிதாக்குவதும் இன்னொரு அறை கட்டுவதும் ஒன்றல்ல அல்லவா? எழுதுபவருக்கு வேண்டியதும் இதுதான். மூலம் ஒரு அறையில், எழுத்து மறு அறையில்.

இனி வாங்குவது பற்றி. இரண்டு திரை வைப்பது புதிய வித்தை அல்ல. 1987 இல் வந்த மக்கின்ரொஷ் II இல் அது முடிந்தது. 1998 இல் வந்த வின்டோஸ் 98 ஒன்பது திரைகள் வரை இடம் கொடுத்தது. ஆனால் அந்தக் கால மொனிட்டர் மாட்டுவண்டிப் பாரம். பதினேழு அங்குலம் என்றால் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. ஸ்ட்ரெதம் சிற்றறை மேசையில் ஒன்றை வைத்தாலே தேநீர்க் கோப்பைக்கு இடம் இல்லை. இன்று தட்டைத் திரை நாலைந்து கிலோ. அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை மாற்றுவதால் நல்ல நிலையில் உள்ள பாவித்த திரைகள் இலண்டனில் குவிந்து கிடக்கின்றன. 22 அல்லது 24 அங்குலப் பாவித்த திரை சுமார் இருபதிலிருந்து ஐம்பது பவுணுக்குள் கிடைக்கும். கம்ட்ரீ, பேஸ்புக் சந்தை போன்றவற்றில் பார்க்கலாம். ஃப்ரீசைக்கிள், ஃப்ரீகிள் ஆகியவற்றில் சும்மாவே கொடுக்கிறார்கள், எடுத்துச் செல்ல வேண்டியது மட்டும் எமது பொறுப்பு. ரூட்டிங்கிலோ விம்பிள்டனிலோ ஒருவர் கொடுப்பதாகச் சொன்னால் 57 ஆம் இலக்க பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம். ஒரு பழைய போர்வையைக் கொண்டுபோங்கள்.

24 அங்குலத்தை நான் பரிந்துரைக்க ஒரு காரணம் உண்டு. வழமையான அகலத் திரை 24 அங்குலம் என்றால் அதன் உயரம் ஏறக்குறைய 30 சென்றிமீற்றர், அகலம் 53. ஏ4 தாளின் உயரம் 29.7, அகலம் 21. ஆக இரண்டு ஏ4 பக்கங்களை அச்சில் வரும் அதே அளவில் அருகருகே முழுதாகப் பார்க்கலாம். அதற்கு மேல் பெரிய திரை எமது வேலைக்குத் தேவையில்லை, சின்ன அறைக்கு நல்லதும் அல்ல. தெளிவு 1920க்கு 1080 இருக்க வேண்டும். அலுவலகங்களில் இருந்து வரும் சில திரைகளின் தாங்கி மேலும் கீழும் அசையும், திரையைச் செங்குத்தாகவும் திருப்பும். நீளமான பக்கத்தைப் பார்த்து ரைப் செய்பவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் மலிவான சில திரைகளை அப்படித் திருப்பினால் ஒரு பக்கம் வெளிறித் தெரியும். ஆகவே வாங்கும் இடத்திலேயே திருப்பிப் பாருங்கள்.

பாவித்த கணனி வாங்குவதைவிடப் பாவித்த திரை வாங்குவதில் பயம் குறைவு. அதற்குள் எவருடைய கோப்பும் இல்லை, வைரசும் இல்லை. பார்க்கப் போகும்போது உங்கள் மடிக்கணனியையும் கேபிளையும் கொண்டுபோங்கள். வெற்று வெள்ளைத் தாளைத் திரை முழுவதும் விரித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி, மஞ்சள் ஓரம், நடுக்கம் இருந்தால் தெரியும். பத்து நிமிடம் எரியவிட்டு வீட்டுக்காரருடன் கதைத்துக்கொண்டிருங்கள், சில பழுதுகள் சூடான பிறகுதான் வெளிவரும். மின்வயர் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான திரைகளுக்குச் சாதாரணக் கணனி வயர் போதும். சிலவற்றுக்குத் தனியான மின்மாற்றிப் பெட்டி உண்டு. அது இல்லாவிட்டால் விலையைப் பாதியாக்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இணைப்பில்தான் பலர் சிக்குப்படுகிறார்கள். வாங்குமுன் மடிக்கணனியின் பக்கவாட்டில் உள்ள துளைகளையும் திரையின் பின்புறத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய திரையில் நீல நிறத்தில் பதினைந்து துளைகள் கொண்ட வி.ஜி.ஏ. இருக்கும், அல்லது வெள்ளை நிறத்தில் அகலமான டி.வி.ஐ. இருக்கும். இன்றைய மடிக்கணனியில் எச்.டி.எம்.ஐ. அல்லது யூ.எஸ்.பி. சி. இருக்கும். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டி.வி.ஐ.க்குச் சாதாரணக் கேபிளே போதும். வி.ஜி.ஏ.க்கு என்றால் நடுவில் ஒரு சின்ன மாற்றிக் கருவி வேண்டும், அது ஐந்திலிருந்து பத்துப் பவுண் வரை. இதில் திசை முக்கியம். கணனியில் எது, திரையில் எது என்று கடைக்காரரிடம் சரியாகச் சொல்ல வேண்டும், மாறி வாங்கினால் வேலை செய்யாது. யூ.எஸ்.பி. சி. துளை எல்லாமே படம் அனுப்பாது. உங்கள் கணனியின் மாதிரி இலக்கத்தைக் கொடுத்து விசாரித்த பின் வாங்குங்கள்.

கொழுவிய பிறகு இரண்டு திரையிலும் ஒரே படம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வின்டோஸ் அடையாளம் உள்ள விசையை அழுத்திக்கொண்டு 'பி' விசையை அழுத்தினால் நாலு தெரிவுகள் வரும். 'எக்ஸ்ரெண்ட்' என்பதைத் தெரிவுசெய்தால் இரண்டாவது திரை தனித் திரையாகும். திரை இடப்பக்கம் நிற்கிறதா வலப்பக்கம் நிற்கிறதா என்பதை 'டிஸ்பிளே' அமைப்புகளில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சுட்டி ஒரு பக்கம் போக நீங்கள் மறுபக்கம் தேடுவீர்கள். தமிழ் எழுத்துச் சின்னதாகத் தெரிந்தால் அதே இடத்தில் 125 வீதமாக்கலாம். வின்டோஸ் விசை, ஷிஃப்ட் விசை, அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் பக்கம் மறு திரைக்குத் தாவும். எனது வீட்டில் இதைப் பிள்ளைகள்தான் செய்து காட்டினார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் பழைய ரீவி கிடந்தால் அதைப் பாவிக்க முடியாதா என்று கேட்பார்கள். முடியும். ஆனால் ரீவி தூரத்தில் இருந்து பார்க்கச் செய்தது. 32 அங்குல ரீவிகள் பலவற்றின் தெளிவு மடிக்கணனியைவிடக் குறைவு. எழுத்தின் ஓரம் பிசுபிசுக்கும். ஒரு கிழமை பரீட்சித்துப் பார்க்க அது போதும், நாளாந்த வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். ஐபாட் உள்ளவர்கள் அதையே மக் கணனிக்கு இரண்டாவது திரையாக்கலாம். அப்பிள் 2019 இல் அந்த வசதியைக் கொண்டுவந்தது. அன்ட்ரொயிட் ரப்லெட்டை வின்டோஸுடன் இணைக்க இலவச மென்பொருள் உண்டு. சும்மா கிடக்கும் ரப்லெட்டில் அகராதியைத் திறந்து வைப்பதற்கு இணைப்புக்கூடத் தேவையில்லை. ஒரு சதமும் செலவழிக்க முடியாதவர் பக்கத்தை அச்செடுத்து, சமையல் புத்தகம் நிறுத்தும் தாங்கியில் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். அச்சகத்து முறை அதுதானே! அச்சடிப்பதற்கும், வீட்டில் கணனி இல்லாதவர் உட்கார்ந்து எழுதுவதற்கும் ஹை ரோட்டில் சீனி வியாபாரி ஹென்றி டேற்றின் கொடையில் கட்டிய நூலகம் இருக்கிறது.

மேசையில் எப்படி வைப்பது? எழுதும் திரை முகத்துக்கு நேரே, மூலம் உள்ள திரை அதை ஒட்டிச் சிறிது சரித்து. கழுத்தை ஒரே பக்கம் திருப்பி இரண்டு மணித்தியாலம் இருந்தால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. மேசை அகலம் போதாவிட்டால் பெரிய திரையைப் பின்னால் உயர்த்தி வைத்து அதன் கீழே மடிக்கணனியை வைக்கலாம். உயர்த்துவதற்கு முன்பு யெல்லோ பேஜஸ் புத்தகம் உதவியது. அதன் அச்சுப் பதிப்பு 2019 உடன் நின்றுவிட்டதால் பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்களைத்தான் அடுக்க வேண்டும். தூரப் பார்வையும் கிட்டப் பார்வையும் சேர்ந்த கண்ணாடி போடுபவர்கள் திரையை உயர்த்தாமல் தாழ்த்தி வைப்பது நல்லது, அல்லாவிட்டால் நாடியை நிமிர்த்திக்கொண்டே இருப்பார்கள்.

கண்ணைப் பற்றி ஒரு விடயம். இங்கிலாந்தில் அறுபது வயதானவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், பெற்றோருக்கோ சகோதரருக்கோ பிள்ளைக்கோ குளுக்கோமா இருந்து தமக்கு நாற்பது வயதானவர்களுக்கும் கண் பரிசோதனை என்.எச்.எஸ். ஊடாக இலவசம். வேலையிடத்தில் நாள்தோறும் தொடர்ந்து கணனித் திரையின் முன் வேலை செய்பவர், கேட்டால் பரிசோதனைச் செலவை முதலாளி கொடுக்க வேண்டும் என்பது 1992 ஆம் ஆண்டின் விதி. இரண்டையும் எம்மவர்கள் கேட்டுப் பெறுவது குறைவு.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 24 அங்குல எல்.ஈ.டி. திரை சுமார் 25 வாற் எடுக்கும். இரவில் மூன்று மணித்தியாலம் என்றால் 75 வாற் மணி. ஒரு அலகு 25 முதல் 30 பென்ஸ் என்று வைத்தால் இரவுக்கு இரண்டு பென்ஸ், வருடத்துக்கு ஏழெட்டுப் பவுண். மிகப் பழைய தட்டைத் திரை இதன் இரண்டு மடங்கு எடுக்கலாம். அப்படியும் கேத்தல் கொதிக்கவைக்கும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதல்ல.

தொல்லை என்று முன்னே சொன்னேனே, அது இதுதான். சொந்தமாக எழுதும்போது மறு திரை வெறுமனே இருக்க மாட்டாது. அதில் செய்தி வரும், வட்ஸ்அப் வரும், கிரிக்கெட் புள்ளி வரும். கதை எழுதுபவர் அதை அணைத்துவிடுவது உத்தமம். பின்பக்கத்தில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. சில எழுத்தாளர்கள் திரையே இல்லாமல் கொப்பியில் முதற் பிரதியை எழுதிவிட்டு, பிறகு அதைப் படமெடுத்து ஒரு திரையில் போட்டு மறு திரையில் திருத்தி ரைப் செய்கிறார்கள். எனக்குப் பிடித்த முறை அதுதான். ரைப் செய்யும் வேளையே இரண்டாவது திருத்தமாகவும் ஆகிவிடுகிறது.

பெரியவர்களின் கொப்பியை எடுப்பவர்களுக்குக் கடைசியாகச் சில விபரங்கள். திரை வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம், முதலில் பக்கங்களைப் படம் எடுங்கள். பகல் நேரத்தில், ஜன்னலோரத்தில், தொலைபேசியின் ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் நீல மை நன்றாகத் தெரியும். கொப்பியின் அட்டையையும் வெற்றுப் பக்கத்தையும்கூட விடாதீர்கள், திகதி பல சமயம் அங்கேதான் இருக்கும். படங்களுக்கு 001, 002 என்று இலக்கமிட்டு, ரைப் செய்யும் கோப்பிலும் அந்தந்த இடத்தில் அதே இலக்கத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். புரியாத சொல்லை ஊகித்து எழுதாமல், தெரிந்த எழுத்துகளை எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். ஐயா "கேணி" என்று எழுதியதை நாம் "கோணி" ஆக்கிவிட்டால் ஊரில் ஒரு கேணி இல்லாமற் போய்விடும். கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது பெரிய எழுத்தில் அச்செடுத்த பிரதி ஒன்றையும் கொடுத்துவிட்டு வாருங்கள். கேள்விக்குறி போட்ட இடங்களையெல்லாம் அவர் பேனையால் நிரப்பித் தருவார், அத்துடன் ஓரத்தில் இன்னும் இரண்டு பக்கத்துக்கு எழுதியும் வைப்பார். அதையும் ரைப் செய்ய வேண்டிவரும்.